நாலாம் வாசலில் பாதை தெளிவு

டிசம்பர் 27

அன்புள்ள அண்ணிக்கு,

சாப்பிட்டு முடிச்சுட்டு இந்த லெட்டரப் படிங்க. நான் கொதிச்சுப்போய் உக்காந்திருக்கேன், அந்தச் சூட்டுல உங்க சோறு இறங்காம போயிடும்.

"கடைசிச் சாவடி" முடிஞ்சு ஆறு வருஷம் ஆச்சு. இனிமே வராதுன்னு மனச தேத்திக்கிட்டு இருந்தப்ப, விடுமுறை ஸ்பெஷல்னு ஒண்ணு போடறாங்கன்னு நீங்கதான் போன்ல சொன்னீங்க. நான் கத்தின கத்துல எங்க கோளரங்கத்துல டிக்கெட் கிழிக்கிறவர் ஓடி வந்துட்டாரு. ஸ்பெஷல் அன்னிக்கு மத்தியானம் கோளரங்கக் காட்சி நடத்தற முறை எனக்கு. கூட வேலை பாக்கறவர் தலைல அதக் கட்டிட்டு, ரூமப் பூட்டிக்கிட்டு, டீவி முன்னாடி உக்காந்தேன். இதுக்கா அண்ணி? இதுக்கா?

வானத்தோட ஓரத்துல தன்னந்தனியா நிக்கிற ஒரு சாவடி. வர்ற கப்பல சோதிச்சு உள்ள விடறது, வெளிய அனுப்பறது. இத மட்டும் வச்சுக்கிட்டு எட்டு சீசன் நம்மள அசையாம உக்கார வச்சாங்களே, அவங்களா இவங்க? நம்ம தலைவர், சிரிச்சா சம்பளத்துல பிடிப்பாங்கங்கற மாதிரியே எட்டு சீசன் இருந்த மனுஷன், ஏப்ரன் கட்டிக்கிட்டு மாவு பிசையறாரு. கணக்கு பாக்கற ரோபோ டப்பா, அதுக்குக் கம்பளித் தொப்பி. இரும்புக்குக் குளிருமா? சாம்பல்காரங்க, நாலு சீசனா சாவடிய சுட்டுத் தள்ளின எதிரிங்க, பரிசுப் பொட்டியோட வர்றாங்க. அதக்கூட மன்னிச்சுடுவேன். ஆனா வாசல்ல நின்னு "உள்ளே வரலாமா"ன்னு கேக்கணுமே, அதப் பாட்டா பாடறாங்க! வர்ற கப்பல் ரெண்டே சொல்லுல கேக்கும், தலைவர் "பாதை தெளிவு"ன்னு சொல்வாரு, கதவு திறக்கும். கேக்காத கப்பலுக்கு பதிலே கிடையாது. சாவடியோட முதல் சட்டம் அது. அதுக்கு மெட்டு போட்டிருக்காங்க. மொத்தம் ஆறு பாட்டு. ஜன்னலுக்கு வெளிய தெரியற நட்சத்திரம் வேற தலைகீழா இருக்கு. பின்னாடி கட்டற பழைய வானத் திரையத் திருப்பி மாட்டிட்டாங்க போல. தினம் வானத்த ஓட்டிக் காட்டறவகிட்டயா இந்த வேலை?

கடைசி வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டுப் பாத்தேன். சீ.

வேற சேதி. புது ஊர்ல, கடல் தாண்டி, கோளரங்கம் ஒண்ணு கட்டறாங்க. அத ஓட வைக்க என்னை அனுப்பறாங்க, மூணு வருஷத்துக்கு. பிப்ரவரி பத்தாம் தேதி கெளம்பறேன். நான்தான் வேணும்னு கேட்டு வாங்கியிருக்காங்க, பெருமையாத்தான் இருக்கு. போறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வருவியான்னு போன்ல கேட்டீங்க. அண்ணன் வான்னு சொல்லட்டும், வர்றேன். "வானத்தப் பாக்கப் போறவளுக்கு வீட்டு வாசல் எதுக்கு"ன்னு நம்ம கண்ணாடிக் கடைல அத்தனை பேர் முன்னாடி கேட்டவர் அவர்தானே.

கண்ணு வலிக்குது, நிறுத்தறேன். கண்ணாடியோட ஒரு பக்கக் கம்பி உடைஞ்சு நூல் கட்டிப் போட்டிருக்கேன். கண்ணாடிக் கடைக்காரர் தங்கச்சி வேற கடை வாசல் ஏறறதான்னு கால் வர மாட்டேங்குது. இத அண்ணன்கிட்ட சொல்லாதீங்க.

உங்க வாலு


ஜனவரி 2

அடியே வாலு,

சாப்பிட்டுத்தான் படிச்சேன். சிரிச்சதுல புரை ஏறிடுச்சு. பக்கத்து வீட்டு டீச்சர் தண்ணியோட ஓடி வந்தாங்க.

உனக்கு ஸ்பெஷல் பிடிக்கலன்னா அது நல்லா இருக்குன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. நான் இந்த வீட்டுக்கு மருமகளா வந்த வாரம் சாவடி முதல் பகுதி போட்டாங்க. நீ ரெட்டைப் பின்னலோட அந்தப் பக்கம், நான் புதுப் புடவையோட இந்தப் பக்கம். ஒருத்தர்கிட்ட ஒருத்தர் ஒரு வார்த்தை பேசினதில்ல. பகுதி முடிஞ்சதும் "தலைவர்தான் பெஸ்ட்"டுன்னு நீ சொன்ன. "அந்தப் பொம்பளை ஓட்டுநர் இல்லன்னா உங்க தலைவர் அந்தரத்துல தொங்குவாரு"ன்னு நான் சொன்னேன். அன்னிக்கு ஆரம்பிச்ச சண்டை. உங்க அண்ணன் வந்து "மிஷின்ல கண்ணாடி தேய்க்கிற சத்தத்தவிட உங்க சத்தம் பெருசா இருக்கு"ன்னு கத்தினதுனாலதானே இந்த லெட்டர் பழக்கமே வந்துச்சு? பக்கத்து ரூமுக்குக் கதவு இடுக்குல லெட்டர் தள்ளின குடும்பம் நம்மளோடது. சாவடி விஷயம் எழுத்துல மட்டும். போன்ல வாயத் திறக்கக் கூடாது. நீ போட்ட சட்டம், ஸ்பெஷல் வருதுன்னு சொன்னதத் தவிர நான் மீறல.

இப்ப உன் குறைக்கெல்லாம் பதில். தலைவர் மாவு பிசைஞ்சா என்னடி? நான் நாள் பூரா பஸ் ஓட்டிட்டு வந்து பிசையலயா? ஓட்டறவங்க கை சும்மா இருக்காது, அதிகாரம் பண்றவங்க கையும் ஒருநாள் மாவுல இறங்கட்டும். டப்பாவுக்குத் தொப்பி போட்டது சாவடி டாக்டர். குளிருக்காக இல்ல, விடுமுறைல எல்லாருக்கும் ஒண்ணு கொடுத்துட்டு அதுக்கு மட்டும் இல்லன்னு சொல்ல மனசு வராம. உனக்கு அது கண்ணுல படல. நட்சத்திரத்தத்தான் பாத்திருக்க.

என் வருத்தம் வேற. என் ஓட்டுநர் பேர ஒருத்தர் எடுக்கணுமே! தலைவரோட சண்டை போட்டு ஆறாவது சீசன்ல கப்பல எடுத்துட்டுப் போனவ. அதுக்கப்பறம் ரெண்டு சீசன் அவ இருந்த சுவடே இல்லாம கதைய நகத்தினாங்களே, அந்த எழுத்தாளர்கள பஸ்ல ஏத்தி பாதி வழில இறக்கி விடணும்னு நினைச்சவ நான். ஆனா இந்தக் கடைசிக் காட்சி பாத்ததும் மன்னிச்சுட்டேன். நீ கடைசி வரைக்கும் பாத்தேன்னு எழுதியிருக்க, அதப் பத்தி ஒரு வார்த்தை இல்லயே? கடைசில தலைவர் செஞ்சது சரியா, தப்பா? உன் வாயால கேக்கணும்.

உங்க அண்ணன் விஷயம். நீ வெளிநாடு போறத சாப்பிடறப்ப சொன்னேன். கை நின்னுச்சு. "வரட்டுமான்னு அவ கேக்கட்டும், வான்னு சொல்றேன்"னாரு. அவர் சொல்லட்டும்னு நீ, நீ கேக்கணும்னு அவர். ரெண்டு பேரும் ஹார்ன் அடிச்சுக்கிட்டு எதிரெதிர நிக்கறீங்க, நடுவுல ரோடு பூரா ஜாம். பத்தாம் தேதிக்குள்ள யாராவது ஒருத்தர் பின்னால எடுங்க. மூணு வருஷம்னா சின்ன விஷயம் இல்ல. எனக்கு பயமா இருக்கு, ஒளிக்காம சொல்லிடறேன்.

உன் அண்ணி


ஜனவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

பயப்படாதீங்க. நான் எங்க போனாலும் உங்களுக்கு லெட்டர் வரும், நீங்க எங்க ஓட்டினாலும் வரும்.

ஆனா பின்னால எடுக்கச் சொல்லி என்கிட்ட சொல்லாதீங்க. கண்ணாடி தேய்க்கறதுல எனக்குக் குறை இல்ல. எங்கப்பா கத்துக்கொடுத்தத அண்ணனவிட சுத்தமாவே செஞ்சேன், அவருக்கே தெரியும். ஒரு நாள் பக்கத்து வீட்டு டீச்சருக்குத் துணையா பள்ளிக்கூடப் பசங்கள கூட்டிக்கிட்டு கோளரங்கம் போனேன், அந்த இருட்டுல முதல் நட்சத்திரம் வந்தப்ப எனக்கு என்ன வேணும்னு தெரிஞ்சுபோச்சு. அதச் சொன்னதுக்கு வாசல் எதுக்குன்னு கேட்டாரு. நான் திருடிட்டா போனேன்? இல்ல சொல்லாம ஓடிப்போனேனா? போறேன்னு நிமிந்து நின்னு சொல்லிட்டுத்தான் போனேன். கேக்க வேண்டியது நான் இல்ல.

தலைவர் விஷயத்துக்கு வர்றேன். கடைசில தலைவர் செஞ்சது சரியா தப்பான்னு கேட்டிருந்தீங்க. இதென்ன கேள்வி? தலைவர் செஞ்சா சரிதான். எட்டு சீசனா நான் இந்தக் கட்சி, இன்னிக்கு மாறுவேனா? ஏதோ எல்லாரும் கூடி கைதட்டி ஆடறப்ப அவரும் ஒரு ஓரமா கைதட்டிட்டாரு, அது ஒரு குத்தமா? பெரிய மனுஷன், விடுமுறை நாள், போகட்டும். அவரோட தப்பு இல்ல, எழுதிக் கொடுத்தவனோட தப்பு.

ஓட்டுநர் உங்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியம்னு எனக்கு இன்னும் புரியல. தலைவர் "இரு"ன்னப்ப இருந்திருக்கலாம். கப்பல எடுத்துட்டுப் போயிட்டா. போனவ ஒரு தடவ வாசல்ல வந்து "உள்ளே வரலாமா"ன்னு கேட்டா தலைவர் மாட்டேன்னா சொல்லப்போறாரு? திமிரு பிடிச்சவ, கேக்க மாட்டா.

மூட்டை கட்ட ஆரம்பிச்சுட்டேன். புத்தகமே ரெண்டு பொட்டி. கண்ணாடிக்கு நூல மாத்தி ஒயர் சுத்தியிருக்கேன், கம்பீரமா நிக்குது.

உங்க வாலு


ஜனவரி 12

அடியே,

மாட்டினியா!

தலைவர் யாரோட கைதட்டினாரு? அந்த ரூம்ல அவரத் தவிர ஒரு ஈ காக்கா இல்லடி. ஆறு பாட்டுன்னு நீ எழுதினப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. மொத்தம் எட்டு பாட்டு. ஆறாவதுல அணைச்சுட்ட நீ. நடிச்சவங்க பேர் ஓடி முடிஞ்சு திரை இருட்டானதுக்கு அப்பறம் சாவடில எப்பவும் ஒரு சின்னக் காட்சி வரும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். எழுந்து போகப் பாத்த என் முந்தானையப் பிடிச்சு இழுத்து உக்கார வச்ச ஆளு. நீ அணைச்சுட்டு, நாலு பக்கம் திட்டி லெட்டரும் போட்டு, பல்லக் கடிச்சுக்கிட்டுப் பாத்தேன்னு பொய் வேற. வெக்கமா இல்ல?

அது போகட்டும், உன் நாலாவது பத்திய நீயே திருப்பிப் படிச்சுப் பாத்தியா? "திமிரு பிடிச்சவ, கேக்க மாட்டா." நான் அதப் படிச்சுட்டு கண்ணாடில என் மூஞ்சியப் பாத்து சிரிச்சேன். எட்டு சீசனா நீ தலைவர் கட்சின்னு சொல்லிக்கிட்டு இருக்க. நீ எந்தக் கட்சின்னு, நீ வீட்ட விட்டுப் போன இந்த ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும்.

இப்ப ஒண்ணு சொல்றேன், ஏதாவது குடிச்சுக்கிட்டு இருந்தா கீழ வச்சுடு. ஸ்பெஷல் அன்னிக்கு உங்க அண்ணன் சாப்பிட வீட்டுக்கு வந்தாரு. வழக்கம்போல "தகரமும் டப்பாவும் பறக்குதா"ன்னு ஒரு நக்கல். தட்டோட நின்னவர் நின்னபடியே பாத்தாரு. அப்பறம் நாற்காலி நுனில உக்காந்தாரு. தட்டு காஞ்சுபோச்சு. கடைசிக் காட்சி வந்துச்சு, முடிஞ்சுச்சு. எழுந்து கை கழுவிட்டு கடைக்குப் போயிட்டாரு.

போன ஞாயித்துக்கிழமை மறுஒளிபரப்பு போட்டாங்க. நான் அவர்கிட்ட சொல்லவே இல்ல. மனுஷன் கடைய சாத்திட்டு வந்து நிக்கறாரு! எங்க கல்யாணத்துக்கே பாதி நாள் கடை திறந்து வச்சவருடி அவர். எட்டு பாட்டையும் பொறுத்துக்கிட்டு உக்காந்து, அந்தக் கடைசிக் காட்சியப் பாத்துட்டு, என்கிட்ட ஒரு கேள்வி கேட்டாரு. நல்ல கேள்வி. அத எழுதினா காட்சி உனக்குத் தெரிஞ்சுபோயிடும், அதனால எழுத மாட்டேன். எனக்குத் தெரிஞ்ச பதிலச் சொன்னேன். அப்பறம் கடைச் சாவிய எடுத்துக்கிட்டுப் போனாரு, ஞாயித்துக்கிழமை சாயங்காலம். மிஷின் ஓடற சத்தம் கேட்டுச்சு.

ஒழுங்கா அந்தக் காட்சியப் பாரு. பாக்காம எனக்கு லெட்டர் போட்டா பிரிக்க மாட்டேன்.

உன் அண்ணி


ஜனவரி 18

அன்புள்ள அண்ணிக்கு,

பிரிக்க மாட்டேன்னா பிரிக்காதீங்க, ஆனா ஒரு விஷயத்த அவசரமாக் கேக்கணும்.

முதல்ல ஒத்துக்கறேன், அணைச்சுட்டேன். ஆறாவது பாட்டுல டப்பா ஆட ஆரம்பிச்சுச்சு, என்னால முடியல. இத்தனை வருஷத்துல முதல் தடவ. உங்ககிட்ட ஒத்துக்கிட்டா மானம் போயிடும்னு புளுகிட்டேன். சிரிச்சு முடிச்சீங்களா? சரி.

இப்ப விஷயம். நேத்து தபால்ல நம்ம கடையோட கார்டு ஒண்ணு வந்திருக்கு. கண்ணாடி தயாரானதும் வாடிக்கையாளருக்கு அனுப்புவோமே, அந்த நீலக் கார்டு. நான் சின்ன வயசுல எத்தனை நூறு கார்டுக்கு விலாசம் எழுதியிருப்பேன்! "தங்கள் கண்ணாடி தயார். நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்." மேல என் விலாசம், அண்ணன் கையெழுத்து, அந்தக் கோணல் எழுத்த எங்க பாத்தாலும் தெரியும். கீழ பேனாவால ஒரு வரி: "பழைய பவரில் செய்தது. பவர் மாறியிருக்கலாம். சோதிக்க ஆள் நேரில் வேண்டும். தபாலில் அனுப்பப்படாது."

என்ன இது? நான் எதையும் ஆர்டர் கொடுக்கலயே! ஆர்டர் கொடுக்காதவங்களுக்கு அந்தக் கார்டு போகாது, அப்பா காலத்துலேந்து கடைல அதுதான் வழக்கம். உங்க வீட்டுக்காரருக்கு வயசாகி கணக்கு குழம்பிப்போச்சா? இல்ல கண்ணாடி உடைஞ்சது அவருக்கு எப்படித் தெரியும்? நீங்க சொன்னீங்களா? சொல்லாதீங்கன்னு எழுதியிருந்தேன்ல. என்னைப் பாத்துப் பரிதாபப்பட்டு ஒரு கண்ணாடியா? ஒரு வார்த்தை எழுதத் தெரியாதா அந்த மனுஷனுக்கு, தங்கச்சின்னு ஒரு வார்த்தை? வாடிக்கையாளருக்கு எழுதற மாதிரி எழுதியிருக்காரு. எனக்கு அழுகை வருது, கோவமும் வருது, எது முதல்லன்னு தெரியல.

நான் போகப்போறதில்ல. கார்ட மேஜை மேல சாத்தி வச்சிருக்கேன். அவ்வளவுதான்.

உங்க வாலு


ஜனவரி 22

வாலு,

பிரிச்சேன், வேற என்ன பண்றது.

கண்ணாடி விஷயத்த நான் சொல்லல. சொல்லாதன்னு நீ எழுதினா சொல்லுவேனா? உன் லெட்டர சாப்பாட்டு மேஜைல மறந்து வச்சுட்டு காலை ஷிஃப்ட்டுக்குப் போயிட்டேன். பெரிய பஸ்ஸையே சந்துல திருப்பறவளுக்கு இதுகூட மறக்குமான்னு நீ கேக்கக் கூடாது. மறந்துச்சு.

அவருக்குக் கணக்கெல்லாம் குழம்பல. நல்லாத் தெளிவாத்தான் இருக்காரு. அந்தக் கார்ட எழுத மூணு கார்டு வீணாக்கினாரு. ஒண்ணுல "வா"ன்னு எழுதி அடிச்சிருந்துச்சு, குப்பைல பாத்தேன். கேக்காம "வா"ன்னு சொல்லி, நீ வரலன்னா அத அவரால தாங்க முடியாதுடி. அவருக்குத் தெரிஞ்ச பாஷை இதுதான்.

உனக்கு இதுக்கு மேல நான் ஒண்ணும் விளக்க மாட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் கடைசி தடவையா மறுபடி போடறாங்க. எட்டு பாட்டும் முடியட்டும். பேர் ஓடட்டும். திரை இருட்டாகட்டும். நீ எனக்குச் சொல்லிக் கொடுத்ததத்தான் உனக்குச் சொல்றேன், எழுந்திரிக்காத.

பாத்துட்டு அந்தக் கார்ட இன்னொரு தடவ படி. அப்பறமும் வர மாட்டேன்னு தோணிச்சுன்னா போய் உன் மூட்டையக் கட்டு. நான் எதுவும் கேக்க மாட்டேன்.

உன் அண்ணி


ஜனவரி 29

என் அண்ணி,

பாத்தேன். எட்டு பாட்டையும் பாத்தேன். டப்பா ஆட்டம் அவ்வளவு மோசமில்லன்னு ஒத்துக்கறேன், ஆனா நட்சத்திரம் தலைகீழாத்தான் இருந்துச்சு. அதுல நான் இறங்கி வர மாட்டேன்.

பேர் ஓடி முடிஞ்சு இருட்டாச்சு. அப்பறம் கட்டுப்பாட்டு அறை. கொண்டாட்டமெல்லாம் ஓஞ்சு தலைவர் தனியா வர்றாரு, கைல இன்னும் மாவு. வாசல் பலகைல எல்லா விளக்கும் எரியுது, நாலாம் வாசல் மட்டும் அணைஞ்சிருக்கு. நம்ம ஓட்டுநரோட கப்பல் நிக்கிற இடம். (ஆமா, "நம்ம"ன்னு எழுதிட்டேன், அடிக்க மாட்டேன்.) வெளிய கப்பலே இல்ல. எந்தக் குரலும் வரல. அவர் அந்த விளக்கப் போட்டுட்டு, ஒலிவாங்கிய இழுத்து, எப்பவும் சொல்ற அதே வறண்ட குரல்ல சொல்றாரு: "நாலாம் வாசல். பாதை தெளிவு." சொல்லிட்டு விளக்க அணைக்காம போயிடறாரு.

அண்ணன் உங்ககிட்ட என்ன கேட்டாருன்னு நீங்க சொல்லவே வேண்டாம். நானும் ரூம்ல தனியா உக்காந்துக்கிட்டு வாய்விட்டு அதத்தான் கேட்டேன். "யாருமே கேக்கலயே, இவர் ஏன் சொல்றாரு?" நீங்க என்ன பதில் சொல்லியிருப்பீங்கன்னும் தெரியும். அவ கேக்க மாட்டான்னு தெரிஞ்சுதான்.

அப்பறம் கார்ட எடுத்துப் படிச்சேன், ஆர்டர் கொடுக்காதவளுக்கு வந்த கார்ட. தேம்பித் தேம்பி அழுதேன் அண்ணி. மேல் வீட்டுக்காரங்க கதவத் தட்டிட்டாங்க. தங்கச்சின்னு ஒரு வார்த்தை எழுதலன்னு கோவப்பட்டேன்ல, அப்பா காலத்து வழக்கத்த எனக்காக ஒருத்தர் மீறியிருக்காருங்கறது என் மண்டைல ஏறல. கண்ணாடி இல்லாம படிச்சா இப்படித்தான்.

வர்ற சனிக்கிழமை மத்தியான ரயில்ல வர்றேன். பத்தாம் தேதி வரைக்கும் அங்கதான், அங்கேந்தே விமானம். உங்க டூட்டி முடிஞ்சிருந்தா ஸ்டேஷனுக்கு வாங்க, இல்லன்னா உங்க பஸ்ஸுலயே ஏறிக்கறேன். நேரா கடைக்குத்தான் போவேன். முன் வாசல் வழியா, வாடிக்கையாளருங்க இருக்கறப்பவே. கார்ட நீட்டி என் கண்ணாடியக் கேப்பேன். பவர சோதிக்கச் சொல்லி நாற்காலில உக்காருவேன். வாடிக்கையாளருங்ககிட்ட சொல்ற மாதிரி "அடுத்த வரி படிங்க"ன்னு அவர் சொல்லட்டும், படிக்கறேன். உள்ள வரலாமான்னு மட்டும் கேக்க மாட்டேன். அதான் அவரே கார்டுல சொல்லிட்டாரே.

ஸ்பெஷல நான் பதிவு பண்ணி வச்சுட்டேன், எடுத்துட்டு வர்றேன். மூணு பேரும் உக்காந்து பாக்கறோம். பாட்டு வர்றப்ப திட்ட எனக்கு உரிமை உண்டு. ஆனா பேர் ஓடி முடியிற வரைக்கும் யாரும் எழுந்திரிக்கக் கூடாதுன்னு அண்ணன்கிட்ட இப்பவே சொல்லி வைங்க.

உங்க வாலு